எங்கள் எண்களின் மேல் விழும் முத்திரைகள்: டிராய் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) தலைவர், உறுப்பினர்கள், செயலாளர் ஆகியோருக்கு,

வணக்கம்.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பகுதியில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். சிம் விற்பது, எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பது, பழுதான போனைச் சரிசெய்வது ஆகியவை என் தொழில். கடைக்கு வருகிறவர்களில் கணிசமானோர் இப்போது இவற்றுக்காக வருவதில்லை. தங்கள் எண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டுச் சொல்லும்படி வருகிறார்கள். நான் அழைத்தால் ஏன் யாரும் எடுப்பதில்லை? எண் ஏன் திடீரென முடங்கியது? நேற்றுக் கொடுத்த புகார் தீர்ந்துவிட்டதாக இன்று ஏன் குறுஞ்செய்தி வந்தது? நிறுவனத்தில் பதில் சொல்ல ஆள் கிடைக்காததால் இந்தக் கேள்விகள் என் மேசைக்கு வருகின்றன. முடிவெடுத்தது செயற்கை நுண்ணறிவு. அதற்கான காரணம் எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. பல நேரங்களில் நிறுவனத்தின் உள்ளூர் அலுவலருக்கும் தெரியாது. இந்த நிலைமை மாற வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேவையற்ற வணிக அழைப்புகளைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த வேண்டும் என்று 2023 ஜூனில் நீங்கள் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டீர்கள். 2024 செப்டம்பரில் ஏர்டெல் தன் வலையமைப்பிலேயே அப்படியொரு வசதியைத் தொடங்கியது. ஒருவர் எத்தனை முறை அழைக்கிறார், எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பது போன்ற ஏறத்தாழ 250 கூறுகளைப் பார்த்து இரண்டு மில்லி விநாடிக்குள் முடிவெடுப்பதாகவும், நாளொன்றுக்கு 250 கோடி அழைப்புகளையும் 150 கோடி குறுஞ்செய்திகளையும் இப்படி அலசுவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. 2025 ஏப்ரலில் அந்த எச்சரிக்கை தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளிலும் வந்தது. மற்ற நிறுவனங்களும் தத்தம் வழியில் இதைச் செய்கின்றன. இதனால் எங்கள் ஊரில் பணம் தப்பியவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு முடங்கப்போகிறது, உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று மிரட்டும் அழைப்புகளை, திரையில் வந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்ட ஓய்வூதியர்களை எனக்குத் தெரியும். பேரனின் குரலையே போலியாக உருவாக்கிப் பணம் கேட்கக்கூடிய காலம் இது. இந்தக் காவல் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் காவல் யாரைப் பிடிக்கிறது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பூச்சந்தை சுற்று வட்டாரத்தில் பெயர் பெற்றது. மல்லிகை, பிச்சி, கேந்தி என்று சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து விடியுமுன்னே வந்து இறங்கும். முகூர்த்த நாளில் விலை மணிக்கு ஒன்றாக மாறும். கமிஷன் கடையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் காலை நேரத்தில் ஐம்பது அறுபது விவசாயிகளையும் வெளியூர் வியாபாரிகளையும் வரிசையாக அழைப்பார். "அண்ணாச்சி, மல்லி இன்றைக்கு இந்த விலை, கொண்டு வருகிறீர்களா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அரை நிமிடம்கூட ஆகாது. திரும்ப அவரை அழைப்பவர்கள் குறைவு, ஏனென்றால் விலை தெரிந்த பிறகு அழைக்கத் தேவையில்லை. பல ஆண்டுகளாக அவர் செய்துவந்த வேலை இது. ஒருநாள் முதல் அவருடைய அழைப்புகளை ஆட்கள் எடுக்காமல் விட்டார்கள். எடுக்காதவர்களின் திரையில் அவருடைய எண்ணுக்கு மேல் ஸ்பேம், அதாவது தொல்லை அழைப்பு, என்று சந்தேகிக்கப்படுவதாக எச்சரிக்கை வந்திருக்கிறது. அது அவருக்குத் தெரிய வந்ததே ஒரு விவசாயி சந்தையில் நேரில் பார்த்து, "உன் நம்பரை யாரோ திருடிவிட்டார்களா தம்பி?" என்று கேட்ட பிறகுதான். அதற்குள் பூவை வேறு கடைக்குக் கொண்டுபோனவர்கள் போய்விட்டார்கள். முதலாளியின் பார்வையில் அது இளைஞரின் அலட்சியமாகத்தான் தெரிந்தது.

இதில் எந்திரம் கோளாறாக வேலை செய்தது என்று சொல்ல முடியாது. அதற்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதை அப்படியே செய்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் நீங்கள் திருத்திய விதிகள், வழக்கத்துக்கு மாறாக அதிக அழைப்புகள், குறுகிய பேச்சு நேரம், வெளியே போகும் அழைப்புகளோடு ஒப்பிட்டால் குறைவாக உள்ளே வரும் அழைப்புகள் ஆகியவற்றை வைத்துச் சந்தேகத்துக்குரிய எண்களை அடையாளம் காணச் சொல்கின்றன. டெல்லியில் இருந்து பார்த்தால் அது மோசடிக்காரனின் உருவம். சங்கரன்கோவிலில் இருந்து பார்த்தால் அதே உருவம் பூ கமிஷன் கடைப் பையனுடையது. சிலிண்டர் கொண்டுவருபவர், தண்ணீர் கேன் போடுபவர், கூரியர் பையன், கூட்டத்துக்கு வரும்படி உறுப்பினர்களை அழைக்கும் மகளிர் சுய உதவிக்குழுப் பொறுப்பாளர், கல்யாணச் சமையலுக்கு ஆள் சேர்க்கும் மாஸ்டர், இவர்கள் எல்லோருடைய அழைப்புகளும் இப்படித்தான் இருக்கும். நிறைய, சுருக்கமாக, ஒருவழியாக. கடன் அட்டை விற்கும் நிறுவனத்துக்கு 140 என்று தொடங்கும் எண் வரிசையும், வங்கிக்கு 1600 வரிசையும் ஒதுக்கியிருக்கிறீர்கள். கேன் தண்ணீர் போடுபவருக்கு எந்த வரிசை? அவரிடம் இருப்பது ஒரே எண். வீட்டுக்கும் அதுதான், தொழிலுக்கும் அதுதான்.

முத்திரையோடு விஷயம் நின்றுவிட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே ஓர் எண்ணின் மேல் நடவடிக்கை தொடங்கலாம் என்று அதே திருத்தத்தில் மாற்றியிருக்கிறீர்கள். மீறல் உறுதியானால் முதல் முறை 15 நாள் வெளி அழைப்புகள் நிறுத்தப்படும். மீண்டும் நடந்தால் ஓராண்டுக்கு எல்லா இணைப்புகளும் துண்டிக்கப்படும். மோசடிக்காரர்களுக்கு இந்தத் தண்டனை போதாது என்றே நினைப்பவன் நான். ஆனால் ஓர் எண்ணின் மேல் ஏற்கெனவே எச்சரிக்கை ஒட்டியிருக்கும்போது, அழைப்பைப் பெறுபவர் அதை நம்பித்தான் புகார் பொத்தானை அழுத்துகிறார். எந்திரத்தின் சந்தேகம் மனிதரின் புகாரை வரவழைக்கிறது. அந்தப் புகார் எந்திரத்தின் சந்தேகத்துக்குச் சாட்சியாகிறது. இந்தச் சுழலுக்குள் ஒருமுறை விழுந்தவர் தானாக வெளியே வர வழியே இல்லை.

அடுத்தது பணம். 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை நிதி மோசடி இடர் குறியீடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சந்தேக எண்ணையும் நடுத்தரம், உயர்வு, மிக உயர்வு என்று தரம் பிரித்து வங்கிகளோடும் யுபிஐ நிறுவனங்களோடும் பகிர்கிறது. வங்கிகள் அதைத் தங்கள் அமைப்போடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அதே ஆண்டு ஜூன் இறுதியில் அறிவுறுத்தியது. நல்ல நோக்கம்தான், இதனால் தடுக்கப்படும் திருட்டுகள் ஏராளமாக இருக்கும். ஆனாலும் என் கடையில் நான் விற்கும் சிம்களில் பல, வேறொருவர் பயன்படுத்திக் கைவிட்டு, சில மாதங்களுக்குப் பின் மீண்டும் சுற்றுக்கு வந்த எண்கள். பழைய உரிமையாளர் என்ன செய்தார் என்பது புதிதாக வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? நூறு நாள் வேலைச் சம்பளம் வரும் கணக்கோடு அந்த எண்ணை இணைத்துக்கொண்டு, பணம் அனுப்பும்போது தடை வந்தால், அந்தப் பெண் வங்கிக்குப் போவார். வங்கி தொலைபேசி நிறுவனத்தைக் கேட்கச் சொல்லும். நிறுவனம் வங்கியைக் கேட்கச் சொல்லும். மிஞ்சினால் என் கடை.

முகத்தை ஒப்பிடும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலி ஆவணங்களில் வாங்கிய சிம்களைப் பிடிக்கத் தொலைத்தொடர்புத் துறை அஸ்திர் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியது. 2023 மே மாதம் துறை வெளியிட்ட கணக்கின்படி 87 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளின் படங்கள் ஒப்பிடப்பட்டன. 40 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் சந்தேகத்துக்கு உள்ளாயின. மறுசரிபார்ப்புக்குப் பின் 36 லட்சத்துக்கும் அதிகமானவை துண்டிக்கப்பட்டன. இவற்றில் பெரும்பகுதி மோசடிக் கும்பல்களுடையதாக இருக்கலாம். அவற்றுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அம்மாவின் எண் மகன் பெயரில் இருக்கும். மனைவியின் எண் கணவர் பெயரில் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஊரில் இருந்தபோது வாங்கிக் கொடுத்த சிம் அப்பாவிடம் இருக்கும். அந்த எண்ணுக்கு மறுசரிபார்ப்புச் செய்யும்படி ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகன் துபாயில் இருக்கிறார். கெடு முடிகிறது, எண் முடங்குகிறது. அதே எண்ணில்தான் கேஸ் பதிவு, ரேஷன் அட்டை, வங்கி ஓடிபி எல்லாம் இருக்கின்றன. எண் போனால் பேச்சு மட்டும் போவதில்லை. அந்த அம்மாவுக்கு அரசாங்கத்தோடும் வங்கியோடும் இருந்த உறவே அறுந்துபோகிறது.

புதிய சிம் வாங்கும்போதும் முகம்தான் முதல் சோதனை. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறது செயலி. கண்புரை முற்றிய பெரியவரைக் கடை வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, "தாத்தா, இன்னொரு தரம் சிமிட்டுங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்கும்போது எனக்குக் கூசுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்துப் பேசியது. அமிலத் தாக்குதலில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகளில், நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வாடிக்கையாளரை அறியும் நடைமுறை எல்லோருக்கும் எட்டும்படி இருக்க 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. அந்தத் தீர்ப்பு எங்கள் விற்பனைச் செயலிக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. முகம் பொருந்தாவிட்டால் கைரேகை, அதுவும் முடியாவிட்டால் ஆவணத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் ஒரு மனிதர் என்ற வரிசையை என் போன்ற சில்லறைக் கடைக்காரரும் ஒரே பொத்தானில் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும்.

இனி வாடிக்கையாளர் சேவை மையம். எனக்கு மிகுந்த கோபம் வரும் இடம் இது. முன்பு ஐவிஆர் எனப்படும் பதிவு செய்த குரல் எண்களை அழுத்தச் சொல்லும். பொறுமையாக அழுத்திக்கொண்டே போனால் கடைசியில் ஓர் ஆள் பேசுவார். இப்போது உரையாடும் எந்திரக் குரல் எடுக்கிறது. "உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்கிறது. எழுபது வயது விவசாயி தன் பேச்சுத் தமிழில், பின்னால் டிராக்டர் சத்தம் கேட்க, "டவர் கிடைக்கவே மாட்டேங்குதுய்யா" என்கிறார். அது அவருடைய பிளானின் காலாவதித் தேதியைச் சொல்கிறது. அவர் மீண்டும் சொல்கிறார். புதிய சலுகை ஒன்றைச் சொல்கிறது. பிறகு, உங்கள் கேள்விக்குப் பதில் அளித்ததில் மகிழ்ச்சி என்று இணைப்பைத் துண்டிக்கிறது. ஸ்மார்ட்போன் இருப்பவர்களை வாட்ஸ்அப் சாட்பாட்டுக்கு அனுப்புகிறார்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் எங்கே போவது? டேட்டா வேண்டாதவர்களுக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள தனி ரீசார்ஜ் வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தவர்கள் நீங்கள். அந்த மக்களை உங்களுக்குத் தெரியும். அவர்களுக்காகவே அந்த விதியை எழுதினீர்கள். அவர்கள் புகார் சொல்லும் வழியை மட்டும் எப்படிக் கைவிட்டீர்கள்?

2012இல் நீங்கள் கொண்டுவந்த குறைதீர்ப்பு விதிகள், ஐவிஆர் வரிசையில் மொழி, புகார் வகை ஆகியவற்றைக் கடந்த மூன்றாம் படியில் சேவை அலுவலரிடம் பேசும் தேர்வு இருக்க வேண்டும் என்கின்றன. புகாருக்குத் தனி எண் தர வேண்டும், தீர்வு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. உரையாடும் எந்திரத்துக்குப் படிகளே கிடையாது. முதல் படியிலேயே அது பேச்சை எடுத்துக்கொள்கிறது, கடைசிவரை விடுவதில்லை. மனிதக் குரல் 90 விநாடிக்குள் கிடைக்க வேண்டும் என்ற உங்கள் தர அளவுகோலும் அலுவலரிடம் பேசும் தேர்வை அழுத்திய பிறகுதான் கடிகாரத்தை ஓடவிடுகிறது. அந்தத் தேர்வே காட்டப்படாவிட்டால் கடிகாரம் ஓடவே ஓடாது. நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கும். விவசாயியின் போனில் டவர் இருக்காது. அளவுகோல் இருந்தும் அளக்க வேண்டியதை அது அளக்காமல் போவதை நீங்கள் அறியாமல் இருக்க முடியாது. வணக்கம் சொல்லும் முதல் நொடியிலிருந்து கணக்கிடுங்கள். "ஆளிடம் பேச வேண்டும்" என்று எந்த வட்டார வழக்கில் சொன்னாலும், அல்லது 9ஐ அழுத்தினாலும், அப்போதே மனிதரிடம் மாற்ற வேண்டும் என்று விதி எழுதுங்கள்.

இலவசங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2025 ஜூலையில் ஏர்டெல், செயற்கை நுண்ணறிவுச் சேவையான பெர்பிளெக்சிட்டி புரோவை ஓராண்டுக்கும், அக்டோபர் இறுதியில் ஜியோ அதே போன்ற கூகுளின் ஜெமினி புரோவை 18 மாதங்களுக்கும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக அறிவித்தன. படிக்கும் பிள்ளைகள் பயன்படுத்தட்டும், எனக்கு மகிழ்ச்சியே. இலவசக் காலம் முடிந்த மறுநாள் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. காலர் டியூன் என்ற பெயரில் கேட்காமலே பணம் பிடித்த காலத்தை நாங்கள் மறக்கவில்லை. 2013இல் கூடுதல் சேவைகளுக்கு இரண்டு முறை ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நீங்கள் உத்தரவிட்ட பிறகே அது அடங்கியது. அதே இரட்டை ஒப்புதல், புரியும் மொழியில், இந்தச் சேவைகள் கட்டணத்துக்கு மாறும்போதும் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பணம் பிடித்த பிறகு சொல்வதில் பயனில்லை.

நான் கேட்பதில் புதிதாக எதுவும் இல்லை. 2023 ஜூலை 20 அன்று தொலைத்தொடர்பில் செயற்கை நுண்ணறிவு பற்றி அரசுக்கு நீங்கள் அளித்த பரிந்துரைகளில், மனிதர்களை நேரடியாகப் பாதிக்கும், ஆபத்து மிகுந்த பயன்பாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் கடமைகளோடு ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கென ஒரு சுதந்திரமான ஆணையமும் வேண்டும் என்றீர்கள். அந்த ஆணையம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒருவரின் எண்ணுக்கு முத்திரை குத்துவதும், அதை முடக்குவதும், அவருடைய புகாரை மூடுவதும் மனிதரை நேரடியாகப் பாதிக்கும் செயல்கள்தாம். இவற்றில் பெரும்பாலானவை உங்கள் விதிகளுக்குள்ளேயே அடங்குகின்றன. அடங்காதவற்றுக்கு அரசிடம் தாமாகவே பரிந்துரைக்கும் அதிகாரத்தை 1997ஆம் ஆண்டு டிராய் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

ஆகவே, ஓர் எண்ணுக்குச் சந்தேக முத்திரை விழுந்தால் அன்றே அந்த எண்ணுக்குரியவருக்கு அவர் மொழியில் குறுஞ்செய்தியும், படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரல் அழைப்பும் போக வேண்டும். தொல்லை அழைப்பைப் பற்றிப் புகார் செய்ய 1909 இருக்கிறது. தவறாக முத்திரை குத்தப்பட்டவரும் அதே 1909இல் பட்டன் போனிலிருந்தே மறுப்புச் சொல்ல முடிய வேண்டும். தொல்லை அழைப்பின் மேல் ஐந்து நாளில் நடவடிக்கை எடுக்க நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறீர்கள். மறுப்பையும் அதே ஐந்து நாளில் ஒரு மனிதர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். எண்ணை முடக்கும் எந்த முடிவும் பொறுப்பான ஓர் அலுவலரின் ஒப்புதலோடு, அவருடைய பதவியும் காரணமும் குறிப்பிடப்பட்டே வர வேண்டும். சிறு தொழில் செய்பவர்கள் தங்கள் தொழிலைச் சொல்லிக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ள எளிய வழி ஒன்றும் வேண்டும். ஆயிரக்கணக்கான ரூபாய் கட்டிப் பதிவு செய்யும் விளம்பர நிறுவனங்களின் வரிசையில் பூக்காரரை நிறுத்த முடியாது.

இன்னொன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. தடுத்த அழைப்புகளின் எண்ணிக்கையை நிறுவனங்கள் கோடிகளில் விளம்பரம் செய்கின்றன. தவறாகப் பிடித்தவை எத்தனை என்று ஒரு நிறுவனமும் சொல்லி நான் பார்த்ததில்லை. முத்திரை விழுந்த எண்கள், மறுப்பு வந்தவை, மறுப்பை ஏற்று நீக்கியவை, அதற்கு ஆன நாட்கள் ஆகியவற்றை ஒவ்வொரு சேவை வட்டத்துக்கும் (தமிழ்நாடு போன்ற தொலைத்தொடர்புப் பகுதிக்கும்) தனித்தனியாகக் காலாண்டுதோறும் வெளியிடச் செய்யுங்கள். அழைப்பு அறுபடும் விகிதத்தை வெளியிடச் சொல்லும் நீங்கள் இதையும் சொல்லலாம். தமிழ்நாட்டு வட்டத்தின் கணக்கு வந்தால், எங்கள் சந்தையில் நடந்தது ஒற்றைச் சம்பவமா இல்லையா என்பது உங்களுக்கும் எனக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

தனிப்பட்ட புகார்களை ஆணையம் விசாரிப்பதில்லை என்பதை அறிவேன். அதனால்தான் எந்த நிறுவனத்தின் மேலும் நடவடிக்கை கேட்காமல் விதியைக் கேட்கிறேன். இந்த விதிகள் குறித்து அடுத்த கலந்தாய்வு அறிக்கையை வெளியிடும்போது அதைத் தமிழிலும் வெளியிடுங்கள். திறந்தவெளிக் கூட்டம் ஒன்றைத் தென்மாவட்டத்தில் நடத்துங்கள், திருநெல்வேலியிலோ மதுரையிலோ. காலை பத்து மணிக்குப் பிறகு வைத்தால் பூச்சந்தைக்காரர்களும் வர முடியும். நானும் அவர்களோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ரீசார்ஜ் கடைக்காரர் ஒருவர்,
சங்கரன்கோவில் வட்டம், தென்காசி மாவட்டம்.

நகல்: தொலைத்தொடர்புத் துறை, புது தில்லி.